ஊர்த் தொழிலுக்குப் பத்திரம் யார் பேரில்?

இந்தோனேஷியக் கிராமங்களின் அனுபவம்

(விவசாயத் தொழிலாளர் அரசியல் வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய உரை. பேச்சு நடையைப் பெரும்பாலும் மாற்றாமல் வெளியிடுகிறோம்.)



சென்ற வகுப்பு முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டும் நேரத்தில் ஓர் அம்மாள் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "ஊருக்குச் சொந்தமாக ஒரு தொழில் நடத்தலாம் என்கிறீர்களே, அதற்குப் பத்திரம் யார் பேரில் எழுதுவது?" என்றார். சங்கத்தின் பேரில் எழுதலாம், பஞ்சாயத்தின் பேரில் எழுதலாம் என்று ஏதோ சொல்லி அன்று மழுப்பிவிட்டோம். வீட்டுக்குப் போய் யோசித்த பிறகுதான், அன்றைய வகுப்பில் கேட்கப்பட்டவற்றில் அதுதான் கேள்வி என்று தெரிந்தது. இன்றைய பேச்சு முழுவதும் அந்த அம்மாளுக்குப் பதில்தான்.

எங்களுக்குத் தெரிந்த ஓர் ஊர். கண்மாய் மீன் குத்தகை, புளியமர ஏலம் இவற்றில் பல வருஷம் சேர்ந்த ஊர்ப் பொதுப் பணத்தில் ஓர் அரவை மில் வைத்தார்கள். கரண்ட் இழுக்க ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். ஊர் அம்பலக்காரர் பெயரைக் கொடுத்தார்கள். இடமும் அவர் பெயரில், மெஷின் ரசீதும் அவர் பெயரில். மனிதர் நல்லவர். உயிரோடு இருந்தவரை ஒரு காசு தொட்டதில்லை. அவர் செத்த மறுமாதம் பிள்ளைகள் பூட்டைப் போட்டார்கள். ஊரே திரண்டு வக்கீலிடம் போனது. நாங்களும் கூடப் போனோம். "ஊர் முழுவதற்குமாகச் சில பேர் சேர்ந்து வழக்குப் போடலாம். ஆனால் மில் ஊர்ப் பணத்தில் வாங்கியது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது உண்டா?" என்று அவர் கேட்டார். இல்லை. ஊரில் குஞ்சு குளுவான் வரை எல்லோருக்கும் தெரிந்த உண்மைக்குக் காகிதம் இல்லை.

இதிலிருந்து ஆரம்பிப்போம். சட்டத்தின் கண்ணுக்கு மனிதன் மட்டுமல்ல, வேறு சில வஸ்துக்களும் 'ஆள்'தான். கோயிலில் இருக்கும் சாமிக்கு நம் தேசத்துச் சட்டப்படி நிலம் இருக்கலாம். சாமியின் பேரில் வழக்குப் போடலாம். கம்பெனி ஓர் ஆள். பதிவு செய்த கூட்டுறவுச் சங்கம் ஓர் ஆள். இவற்றைச் சட்ட நபர் என்கிறார்கள். சட்ட நபருக்குச் சாவில்லை. தலைவர் செத்தாலும், மாறினாலும், ஓடிப்போனாலும் சொத்து அதன் பெயரிலேயே நிற்கும். கடன் வாங்கினால் அது வாங்கியதாகும். நஷ்டம் வந்தால் அதன் சொத்தோடு போகும். அந்த மில்லுக்கு இப்படி ஒரு நபர் இருந்திருந்தால் பிள்ளைகள் பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க முடியாது.

அப்படியானால், கிராமமே தொழில் நடத்த ஒரு சட்ட நபரை உண்டாக்கினால் பிரச்னை தீர்ந்ததா? இந்தக் கேள்வியைத் தேசம் முழுவதற்குமாகக் கையில் எடுத்துக்கொண்டு பதினைந்து, இருபது வருஷமாகத் தட்டித் தடுமாறி வரும் நாடு ஒன்று இருக்கிறது. அது இந்தோனேஷியா. நாம் அங்கே போனவர்களல்ல. சட்டங்களின் வாசகங்களையும் அவற்றைப் பற்றி வந்த செய்திகளையும் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறோம்.

தேசா என்றால் கிராமம்

அந்த நாட்டில் சுமார் 75,000 கிராமங்கள். கிராமத்தைத் 'தேசா' என்கிறார்கள். நம் 'தேசம்' என்ற சொல்லேதான். கடல் தாண்டிப் போய்ச் சின்னதாகிவிட்டது. கிராமம் நடத்தும் தொழில் ஸ்தாபனத்துக்குப் 'பும் தேசா' என்று பெயர். பல சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்த சுருக்கம். 'கிராமத்துக்குச் சொந்தமான தொழில் ஸ்தாபனம்' என்பதே அதன் அர்த்தம். ஊர் கூடிப் பேசி முடிவெடுக்கும் சபைக்கு 'முஷாவரா' என்கிறார்கள். நம்மூர் ஜமாஅத்தில் 'மஷூரா' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே அரபுச் சொல்தான்.

ஜாவாவின் பழைய கிராமங்களில் பொது நிலம் உண்டு. கிராம அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விட்ட நிலத்தைப் 'பெங்கோக்' என்பார்கள். நம் பக்கத்து ஊழிய மானியம் போன்றது. ஆக, ஊர்ச் சொத்து என்ற எண்ணம் அங்கே புதிதல்ல. அந்தச் சொத்தை ஆண்டது யார் என்பதில்தான் கதையே இருக்கிறது. 1965-66ல் அந்த நாட்டில் கம்யூனிஸ்டுகள் என்றும், விவசாய சங்கத்தார் என்றும் ஐந்து லட்சம் பேருக்குக் குறையாமல் கொன்று குவித்தார்கள். நிலச்சீர்திருத்தம் கேட்ட வாய்கள் எல்லாம் மூடப்பட்டன. அதன் பின் வந்த சுகார்த்தோ ஆட்சி, 1970களில் கிராமங்களுக்குள் கட்சிகள் கிளை வைக்கக்கூடாது என்று தடுத்தது. 1979ம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் எல்லாக் கிராமங்களையும் ஒரே அச்சில் வார்த்து, கிராமத் தலைவரை மேலதிகாரிக்குப் பதில் சொல்பவராக ஆக்கியது. இதை நாம் சரித்திரப் பாடத்துக்காகச் சொல்லவில்லை. ஊர் கூடி முடிவெடுக்கும் என்று பின்னால் சட்டம் எழுதினார்களே, அந்த ஊரில் ஏழைகளுக்கென்று ஸ்தாபனம் எதுவும் மிஞ்சாத நிலையில்தான் எழுதினார்கள். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுகார்த்தோ காலத்திலும் கிராமத்துக்கென்று பொருளாதார ஸ்தாபனம் இல்லாமலில்லை. கிராமக் கூட்டுறவுகள் இருந்தன. உரம் அதன் வழியே வரும், நெல் அதன் வழியே சர்க்காருக்குப் போகும். பெயர் கூட்டுறவு, கடிவாளம் மேலே. 1990களின் தொடக்கத்தில் கிராம்புக்கு ஓர் ஏகபோக வாரியம் அமைத்தார்கள். ஜனாதிபதியின் மகனே அதற்குத் தலைவர். விவசாயி கிராம்பைக் கூட்டுறவிடம் கொடுக்க வேண்டும், கூட்டுறவு வாரியத்திடம் கொடுக்க வேண்டும். 1998ல் சுகார்த்தோ விழுந்த வருஷம்தான் அந்த வாரியமும் போனது. கூட்டுறவு அப்போதும் சட்டப்படி ஓர் ஆள்தான், தோழர்களே. சட்ட நபராக இருந்துகொண்டே விவசாயியின் கழுத்தில் கயிறாகவும் இருந்தது.

ஆள் உண்டு, ஆள் இல்லை, மறுபடி ஆள் உண்டு

சுகார்த்தோவுக்குப் பின் 2004ம் வருஷத்து உள்ளாட்சிச் சட்டத்தில், கிராமம் தன் தேவைக்கும் சக்திக்கும் ஏற்பத் தொழில் ஸ்தாபனம் தொடங்கலாம் என்று ஒரு ஷரத்து வந்தது. 2005ல் அதற்கு விதி எழுதினார்கள். அந்த ஸ்தாபனம் கட்டாயம் சட்ட நபராக இருக்க வேண்டும் என்றது விதி. நல்லது. எந்த வகைச் சட்ட நபர்? கம்பெனியா, கூட்டுறவா, வேறா? அதற்குப் பதில் இல்லை. கம்பெனி என்றால் கம்பெனிச் சட்டப்படி பங்குதாரர் இருவராவது வேண்டும். கூட்டுறவு என்றால் அங்கத்தினர் வேண்டும். கிராமம் என்ற ஒன்றே முழுச் சொந்தக்காரராக இருக்கும் வகை எந்தச் சட்டத்திலும் இல்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டு, பிறப்புப் பதிவு ஆபீசைத் திறக்காமல் விட்ட கதைதான்.

பிறகு 2014ம் வருஷம் ஜனவரியில், முழுக்கக் கிராமங்களுக்கென்றே ஒரு சட்டம், 6ம் எண் சட்டம், வந்தது. இது பெரிய சட்டம். சர்க்கார் பட்ஜெட்டிலிருந்து ஒவ்வொரு கிராமத்துக்கும் நேரே பணம் போகும் என்றது. 2015ல் அந்தக் கிராம நிதி சுமார் 20.7 லட்சம் கோடி ரூபியா. 2017ல் 60 லட்சம் கோடி ரூபியா. ரூபியாவின் மதிப்பு குறைவு. நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 200 ரூபியா என்று அன்றைக்குக் கணக்கு. அப்படியும் 60 லட்சம் கோடி என்பது சுமார் 30,000 கோடி ரூபாய் ஆகிறது. இந்தச் சட்டத்தின் 87 முதல் 90 வரை உள்ள ஷரத்துக்கள் கிராமத் தொழிலைப் பற்றியவை. ஊர் கூடிப் பேசித்தான் தொடங்க வேண்டும். லாபம் வந்தால் தொழிலை வளர்க்கவும், கிராம அபிவிருத்திக்கும், ஏழைகளுக்கு மானியம், உதவி, சுழல்கடன் ஆகியவற்றுக்கும் செலவிட வேண்டும். ஏழைகளுக்கு என்று ஷரத்திலேயே எழுதியிருக்கிறது. இது சாதாரண விஷயமல்ல. எந்தக் கம்பெனிச் சட்டத்திலும் இந்த வரியைக் காண மாட்டீர்கள்.

ஆனால் அதே சட்டத்தோடு சேர்ந்த விளக்கவுரை என்ன சொன்னது தெரியுமா? இந்த ஸ்தாபனத்தைக் கம்பெனியோடும் கூட்டுறவோடும் சமமாக வைக்க முடியாது, இது கிராமத் தன்மை கொண்ட தனி ஸ்தாபனம் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. பாங்க் வாசலில் போய் நின்றால்தான் இதன் ருசி தெரியும். "நீ யார்? கம்பெனியா? இல்லை. கூட்டுறவா? இல்லை. அப்படியானால் கடன் பத்திரத்தில் யார் கையெழுத்து?" கிராமத் தலைவர் தன் சொந்தப் பெயரில் போடவேண்டும், அல்லது கடன் இல்லை. நிலம் விஷயமும் அப்படியே. அந்நாட்டின் 1960ம் வருஷத்து நிலச் சட்டப்படி, கட்டிடம் கட்டவோ பெருமளவில் பயிரிடவோ உரிமை பெறுவது பிரஜையாக இருக்கவேண்டும், அல்லது சட்ட நபராக இருக்கவேண்டும். இது இரண்டுமில்லை.

2015ல் கிராம மந்திரி இலாகா ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. கிராம ஸ்தாபனம் சட்ட நபராக இல்லாவிட்டால் என்ன, அதன் கீழே ஒரு கம்பெனியோ, சிறுகடன் ஸ்தாபனமோ தொடங்கிக்கொள்ளட்டும். சிறுகடன் ஸ்தாபனத்தில் 60 சதப் பங்கைக் கிராம ஸ்தாபனமே வைத்துக்கொள்ளட்டும் என்றது. வேடிக்கையைப் பாருங்கள். தாய்க்கு 'ஆள்' என்ற அந்தஸ்து இல்லை, பிள்ளைக்கு உண்டு. ஆளே இல்லாத தாய் எந்தக் கையால் பங்குப் பத்திரம் வாங்குவாள்? இதைச் சட்டம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். கிராமத்துக்காரர்கள் அதற்குள் கடைகளைத் திறந்துவிட்டார்கள்.

இந்தக் குழப்பம் தீர்ந்தது 2020ல். தீர்த்த சட்டம் எது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 'வேலை உருவாக்கச் சட்டம்' என்று பெயர். ஆம்னிபஸ் சட்டம் என்பார்கள். ஆம்னிபஸ் என்றதும் ராத்திரி சென்னைக்குப் போகிற பஸ்ஸை நினைக்காதீர்கள். எழுபதுக்கு மேற்பட்ட சட்டங்களை ஒரே மூட்டையில் கட்டித் திருத்தியதால் அந்தப் பெயர். ஆட்குறைப்புக்குத் தொழிலாளி பெறும் ஈட்டுத்தொகையைக் குறைத்த சட்டம் அது. 2020 அக்டோபர் 5ந் தேதி பார்லிமெண்டில் நிறைவேறியது. மறுநாளே லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த மூட்டையின் ஒரு மூலையில் 117ம் ஷரத்து. கிராமத் தொழில் ஸ்தாபனம் ஒரு சட்ட நபர் என்று இரண்டே சொல்லில் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் 11ம் எண் விதி வந்தது. ஊர் கூடி முடிவெடுத்து, கிராமச் சட்டம் இயற்றி, பதிவுக்கு மனுப்போட்டால், சட்ட மந்திரி இலாகாவிலிருந்து மின்னணுச் சான்றிதழ் வரும். அது வந்த நிமிஷத்திலிருந்து ஸ்தாபனம் ஓர் ஆள்.

அதோடும் நின்றதா? 2021 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், ஆம்னிபஸ் சட்டம் இயற்றிய முறையே சாசனத்துக்கு விரோதம், இரண்டு வருஷத்துக்குள் திருத்து என்றது. சர்க்கார் 2022 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் போட்டு, 2023 மார்ச்சில் அதையே 6ம் எண் சட்டமாக்கிக்கொண்டது. தொழிலாளிக்குப் பாதகமும் நின்றது. கிராமத்துக்குச் சாதகமும் நின்றது. தொழிலாளியின் பையில் கைவிட்ட அதே சர்க்கார் கிராமத்தின் கையில் ஒரு முத்திரையைக் கொடுத்தது ஏன்? முதலீட்டைக் கிராமம் வரை கொண்டுபோக வேண்டும், ஒப்பந்தம் போட எதிரே ஓர் ஆள் வேண்டும். கையெழுத்துப் போடத் தகுதியில்லாதவனோடு முதலாளி வியாபாரம் பேச மாட்டான். அதற்காக நமக்கு முத்திரை வேண்டாம் என்று சொல்வோமா? மாட்டோம். யார் கொடுத்தாலும் கத்தி கத்திதான். பிடி யார் கையில் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பொங்கோக்கின் ஊற்று

பிடி ஊரின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எல்லோரும் ஓர் ஊரைக் காட்டுவார்கள். மத்திய ஜாவாவில் க்ளாத்தேன் ஜில்லாவில், போலன்ஹார்ஜோ வட்டத்தில் பொங்கோக் என்ற கிராமம். ஊற்றுக்கள் நிறைந்த ஊர். தண்ணீர் இருந்தும் தரித்திரம் பிடித்த ஊராகத்தான் இருந்தது. 2009ல் 'தீர்த்த மண்டிரி' என்ற கிராம ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். முதல் சொல் நம் 'தீர்த்தம்'தான். சொந்தக் காலில் நிற்கும் தண்ணீர் என்று அர்த்தம் சொல்லலாம். கண்ணாடி போன்ற ஊற்றுக் குளத்தில் மீன்களுக்கு நடுவே மூழ்கிப் படம் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். தண்ணீருக்கடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்களாம். சிரிக்கிறீர்கள், ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் குவிந்தார்கள். சில வருஷத்தில் ஸ்தாபனத்தின் ஆண்டு வரவு 1,000 கோடி ரூபியாவைத் தாண்டியது. நம் பணத்தில் ஐந்து கோடிக்குமேல். ஊர்க்காரர்களும் தங்கள் சிறு பணத்தைப் போட்டு லாபத்தில் பங்கு பெறுகிறார்கள். 'வீட்டுக்கு ஒரு பட்டதாரி' என்று திட்டம் போட்டு, கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அதே போலன்ஹார்ஜோ வட்டத்தில், அதே பூமிக்கடியிலுள்ள நீரை எடுத்துப் பாட்டிலில் அடைத்து விற்கும் ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் தொழிற்சாலையும் இருக்கிறது. பாசன நீர் குறைகிறது என்று அந்த ஜில்லா விவசாயிகள் அதை எதிர்த்துக் குரல் எழுப்பியதும் உண்டு. ஒரே நீர். ஒருபுறம் லாபம் பங்குதாரருக்குப் போகிறது; மறுபுறம் ஊர்ப் பிள்ளையின் காலேஜ் சம்பளத்துக்குப் போகிறது. கிராமத்தில் உள்ள இயற்கை வளத்தை நிர்வகிப்பதில் கிராமத் தொழிலுக்கு முன்னுரிமை தந்து சர்க்கார் ஊக்குவிக்க வேண்டும் என்று 2014ம் வருஷத்துச் சட்டத்தின் 90ம் ஷரத்து சொல்கிறது. இதைவிட முக்கியமான வரி அந்தச் சட்டத்தில் இல்லை என்பது நம் அபிப்பிராயம். அதிகம் பேசப்படாத வரியும் இதுதான்.

யோக்யகார்த்தா பக்கம் பாங்குங்ஹார்ஜோ என்று இன்னோர் ஊர். 2013ல் சின்ன முதலோடு குப்பை அள்ளும் தொழிலில் ஆரம்பித்தார்கள். யாரும் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் தொழில். அதில் ஊருக்கு வேலையும் வந்தது, சுத்தமும் வந்தது.

ஆனால் 75,000 கிராமத்திலும் ஊற்று இல்லை. மந்திரி இலாகாவின் கணக்குப்படி 2014ல் ஆயிரம் சொச்சமாக இருந்த ஸ்தாபனங்கள் 2018க்குள் 45,000க்கு மேல் ஆயின. நாலே வருஷம்! வெள்ளத்தில் மீன் பெருகுவதுபோலப் பெருகின. ஏன்? மேலிருந்து பணம் வருகிறது, ஸ்தாபனம் இருக்கிறதா என்று மேலதிகாரி கேட்கிறார், ஒரு பலகையை எழுதி மாட்டு! 2019 டிசம்பரில் ஜனாதிபதி ஜோக்கோ விடோடோவே மந்திரிகள் கூட்டத்தில் சொன்னார்: 2,188 ஸ்தாபனங்கள் இயங்கவே இல்லை, 1,670 ஸ்தாபனங்கள் இயங்கியும் கிராமத்துக்கு ஒரு வரவும் தரவில்லை. எதிரிகள் சொன்ன கணக்கல்ல, ஜனாதிபதியே சொன்ன கணக்கு.

கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

இப்போது பிடியைப் பற்றிப் பேசுவோம். 2021 விதிப்படி ஸ்தாபனத்தின் உச்ச அதிகாரம் ஊர்க் கூட்டத்துக்கு. அதன் கீழே ஆலோசகர், நிர்வாகி, மேற்பார்வையாளர். ஆலோசகர் யார்? கிராமத் தலைவர், பதவியின் காரணமாகவே. அவருக்கு 2014 சட்டத்தில் ஆறு வருஷப் பதவி. 2024ல் திருத்தி எட்டு வருஷமாக்கிவிட்டார்கள். நிர்வாகி அவருடைய மைத்துனராக இருந்தால் மேற்பார்வையாளர் எதைப் பார்ப்பார்?

ஊர்க் கூட்டத்துக்கு யாரையெல்லாம் அழைக்க வேண்டும் என்று 2014ம் வருஷத்து 43ம் எண் விதியில் ஒரு பட்டியல் இருக்கிறது. வழக்காற்றுப் பெரியவர்கள், மதப் பெரியவர்கள், ஊர்ப் பெரியவர்கள், கல்விப் பெரியவர்கள், பிறகு விவசாயிகள், மீனவர்கள், கைத்தொழிலாளர்கள், பெண்கள், குழந்தைகள் நலம் பார்ப்பவர்கள். எல்லோரும் முடிந்து கடைசி வரியில், ஏழை மக்கள் குழுவின் பிரதிநிதிகள். எழுதியிருக்கிறதே என்று சந்தோஷப்படலாம். ஆனால் 'ஏழை மக்கள் குழு' என்று ஒன்று அந்த ஊரில் இருக்க வேண்டுமே? 1965ல் அழித்த ஸ்தாபனத்தை ஒரு விதியின் கடைசி வரி உயிர்ப்பித்துவிடுமா? குழு இல்லாத இடத்தில் பெரியவர் ஒருவர் தமக்குப் பிடித்த ஓர் ஏழையைக் கூட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார வைப்பார். நம் கிராம சபையில் நாம் பார்க்காததா?

இன்னொரு சங்கதி. இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் பெண் தோழர்களுக்கு இது நேராகப் புரியும். 1998 முதல் 2014 வரை உலக பாங்க் கடன் உதவியோடு அங்கே கிராம அபிவிருத்தித் திட்டங்கள் நடந்தன. 2007 முதல் அதற்குத் தேசியத் திட்டம் என்று பெயர். அதில் பெண்கள் குழுக்களுக்கு ஒரு சுழல்நிதி கொடுத்தார்கள். பெண்கள் வாங்கினார்கள், காய்கறி விற்றார்கள், கட்டினார்கள், மறுபடி வாங்கினார்கள். 2014ல் திட்டம் முடிந்தது, பணம் முடியவில்லை. தவணை தவறாமல் கட்டிக் கட்டிப் பணம் வட்டத்துக்கு வட்டம் பெருகி நின்றது. அந்தப் பணம் யாருடையது? சர்க்கார் கொடுத்தது, ஆனால் திட்டம் முடிந்துவிட்டது. குழுக்கள் வளர்த்தது, ஆனால் அவர்களுக்குப் பத்திரம் இல்லை. நிர்வாகக் கமிட்டிக்கும் சட்ட அந்தஸ்து இல்லை. எங்கள் அரவை மில்லைப் போலவே பல ஆயிரம் மில்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2021 விதியின் 73ம் ஷரத்து, இந்த நிதியை நிர்வகிக்கும் அமைப்புக்களெல்லாம் இரண்டு வருஷத்துக்குள் பல கிராமங்கள் சேர்ந்த கூட்டுத் தொழில் ஸ்தாபனமாக மாற வேண்டும் என்று கட்டளையிட்டது. ஒரு கண்ணோட்டத்தில் இது நியாயம். அனாதைப் பணத்துக்கு ஒரு வீடு கிடைத்தது. எவனும் சுருட்டிக்கொண்டு போக முடியாது. மறு கண்ணோட்டத்தில், பெண்கள் வளர்த்த பணத்தின் சாவி அவர்கள் கைக்கு எட்டாத ஓர் ஆலோசகர் சபைக்குப் போகிறது. அந்தச் சபையில் உட்காருவோர் கிராமத் தலைவர்கள். எதிர்ப்புக் கிளம்பியதில் அதிசயம் என்ன? பாதுகாப்பு வேண்டுமானால் அதிகாரத்தை விட்டுக்கொடு என்ற பேரம் இது. இந்தப் பேரத்தில் நாம் யார் பக்கம் என்று கேட்டால், சட்ட நபரை ஒப்புக்கொள்வோம். ஆனால் கடன் வாங்கிக் கட்டிய பெண்களே அதன் நிர்வாகத்தில் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்று சண்டை போடுவோம். விதியில் அப்படி ஒரு வரி இல்லை. அந்த வரிக்காகத்தான் போராட வேண்டியிருக்கிறது.

நஷ்டம் வந்தால் என்ன என்பதும் தீராத வழக்கு. கிராமம் போட்ட முதல், கிராமச் சொத்திலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்டது. இனி அது ஸ்தாபனத்தின் பணம் என்று ஒரு வாதம். கிராமத்துக்கு அது சர்க்கார் கஜானாவிலிருந்து வந்ததுதானே, ஆகவே நஷ்டம் சர்க்காருக்கு நஷ்டம், நிர்வாகியை ஊழல் சட்டத்தில் பிடி என்று மறு வாதம். திருடியவனைப் பிடிப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஆட்டுப் பண்ணை வைத்தான், நோய் வந்து ஆடு செத்தது. இவனையும் திருடனையும் ஒரே கூண்டில் ஏற்றினால் நேர்மையானவன் எவன் பொறுப்புக்கு வருவான்? சட்ட நபர் என்று பெயர் கொடுத்தால் மட்டும் போதாது, தொழிலில் வரும் நியாயமான நஷ்டத்தைத் தாங்கும் உரிமையையும் அதற்குக் கொடுக்க வேண்டும்.

மறுபடியும் கூட்டுறவு

இந்தக் கதை இன்னும் முடியவில்லை. 2025 மார்ச்சில் ஜனாதிபதி பிரபோவோ ஓர் உத்தரவு போட்டார்: 80,000 கிராமக் கூட்டுறவுகளை அமைக்க வேண்டும். பெயர் 'சிவப்பு-வெள்ளைக் கூட்டுறவு'. அவர்கள் கொடியின் நிறம். நாலு மாதத்தில், ஜூலை 21ந் தேதி, துவக்கவிழா. எங்கே தெரியுமா? அதே க்ளாத்தேன் ஜில்லாவில், பொங்கோக் இருக்கும் ஜில்லாவிலேயே.

கூட்டுறவு நமக்கு விரோதியல்ல. கூட்டுறவில் அங்கத்தினன் சொந்தக்காரன்; ஆளுக்கு ஒரு ஓட்டு. கிராம ஸ்தாபனத்தில் ஊர் சொந்தக்காரர். உனக்கும் எனக்கும் ஊராரில் ஒருவர் என்பதால்தான் பாத்தியதை. இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் கூட்டுறவு பாங்கில் வாங்கும் கடனுக்குத் தவணை கட்டப் பணம் குறைந்தால், கிராம நிதியிலிருந்து 30 சதம் வரை எடுத்துக் கட்டலாம் என்று 2025ல் விதி செய்தார்கள். அங்கத்தினர்களுடைய கடனுக்கு, அங்கத்தினரல்லாத கூலிக்காரனுக்கும் சேர்த்து வந்த பணம் ஜாமீன்! ஊர்க் கிணற்றைத் தூர்வார வந்த பணம், பால்வாடிக்கு வந்த பணம், கடைக்காரனின் தவணையாகப் போகலாம். அதோடு, ஏற்கெனவே சாமான் கடையும் காஸ் ஏஜென்சியும் நடத்திவரும் கிராம ஸ்தாபனத்துக்கு எதிரிலேயே புதுக் கூட்டுறவு அதே கடையைத் திறந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. பிடி மறுபடியும் மேலே போகிறது என்று அங்கே பலர் கவலைப்படுகிறார்கள். கிராம்பு வாரியத்தைக் கண்ட ஜனங்களுக்கு அந்தக் கவலை வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறோம். பத்திரம் ஒரு மனிதன் பேரில் எழுதக்கூடாது. எவ்வளவு உத்தமனாக இருந்தாலும் கூடாது. பதிவு செய்த ஸ்தாபனத்தின் பேரில் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன்னால் அதன் விதிகளை வாங்கிப் படிக்க வேண்டும்: கூட்டத்தை யார் கூட்டுவது, கணக்கை யார் எப்போது வாசிப்பது, நிர்வாகியை நீக்க எத்தனை கை உயர வேண்டும், லாபத்தில் எவ்வளவு யாருக்கு. படிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அதற்கு நாங்கள் வருகிறோம், எத்தனை ராத்திரி வேண்டுமானாலும். அந்த நாலு விஷயத்தில் ஒன்றாவது எழுதாமல் விட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

டீ வந்துவிட்டது. குடித்துவிட்டுக் கேள்விகளுக்குப் போவோம். முதல் கேள்வி அந்த அம்மாளுடையது.